எழுத்துக்குள் இறங்குதல்: வேதவசனத்தின் ஆழ்பொருளைத் தேடும் வழி

லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி ஒருவன், அதாவது யூத நியாயப்பிரமாணத்தைக் கற்றறிந்தவன் ஒருவன், எழுந்து, நித்திய ஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ளும்படி நான் என்ன செய்யவேண்டும் என்று இயேசுவைக் கேட்கிறான். அவர் நேராகப் பதில் சொல்லாமல், "நியாயப்பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது? நீ வாசித்திருக்கிறது என்ன?" என்று இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இப்படித் தரும் இரண்டாம் கேள்வி, கிரேக்க மூலத்தில் "எப்படி வாசிக்கிறாய்?" என்று இருக்கிறது. முதல் கேள்வி எழுத்தைப் பற்றியது. இரண்டாவது, அதை வாசிக்கிறவனைப் பற்றியது. அந்த நியாயசாஸ்திரிக்கு எழுத்து நன்றாகவே தெரிந்திருந்தது. தேவனிடத்தில் அன்புகூரு என்று உபாகமத்திலிருந்து ஒன்றும், பிறனிடத்தில் அன்புகூரு என்று லேவியராகமத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு கட்டளைகளைத் தடையின்றிச் சொல்லிவிட்டான். ஆனால் அடுத்த நொடியே, தன்னை நீதிமானாகக் காட்டிக்கொள்ளும் மனதோடு, "எனக்குப் பிறன் யார்?" என்று கேட்டபோது, அவன் எப்படி வாசித்து வந்திருக்கிறான் என்பது வெளிப்பட்டுவிட்டது. அன்புகூர வேண்டிய எல்லை எதுவரை என்று அளந்து பார்க்கவே அவன் அந்தக் கட்டளையை வாசித்திருந்தான்.

வேதத்தின் ஆழ்பொருள் என்று சொன்னவுடன் பலருடைய மனதில் தோன்றுவது, எழுத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்பட்ட ஓர் இரகசியம். எண்களைக் கூட்டிக் கழித்தோ, ஒவ்வொரு சொல்லையும் வேறொன்றின் குறியீடாக மாற்றியோ, சிலருக்கு மட்டும் தெரிந்த திறவுகோலால் அதைத் திறக்கவேண்டும் என்ற எண்ணம் சபைகளில் அவ்வப்போது தலைதூக்குவது உண்டு. கிறிஸ்தவ மரபின் பெரும்போக்கு அந்த வழியில் செல்லவில்லை. வேதம் மனிதரின் மொழியில், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட மக்களுக்கு எழுதப்பட்டது என்பதையும், அதே எழுத்தின் வழியாகத் தேவன் இன்றும் பேசுகிறார் என்பதையும் அந்த மரபு ஒருசேரப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனவே ஆழ்பொருளை நாடுகிறவர் எழுத்தை விட்டு மேலே பறக்க வேண்டியதில்லை. அந்த எழுத்துக்குள்ளேயே இன்னும் கீழே இறங்கவேண்டும். இந்த முடிவுக்குச் சபை எளிதாக வந்துவிடவில்லை. நூற்றாண்டுக்கணக்கில் இதைப்பற்றி வாதம் நடந்தது.

கி.பி. 185 அளவில் பிறந்து, அலெக்சாந்திரியாவிலும் பின்னர் செசரியாவிலும் போதித்த ஓரிகன், மனிதனுக்கு உடல், ஆன்மா, ஆவி என்று மூன்று இருப்பதுபோல வேதத்துக்கும் மூன்று நிலைப் பொருள் உண்டு என்றார். இதற்கு அவர் பவுலிடமே ஆதாரம் கண்டார். ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாகக் கலாத்தியர் நிருபம் வாசிக்கிறது. வனாந்தரத்தில் தண்ணீர் தந்த கன்மலை கிறிஸ்துவே என்கிறது முதலாம் கொரிந்தியர். வேதத்தின் வரலாற்றுப் பொருளை வலியுறுத்திய அந்தியோகியா மரபைச் சேர்ந்த மொப்சுவெஸ்தியாவின் தெயோதோர் போன்றவர்கள் இந்தப் போக்கை அஞ்சினார்கள். ஒவ்வொரு சம்பவமும் வேறொன்றின் நிழல் என்று ஆகிவிட்டால், நடந்தது நடந்ததுதான் என்று சொல்ல என்ன மிஞ்சும் என்பது அவர்களுடைய கவலை. இந்தக் கவலை இன்றும் நியாயமானதே என்று நான் நினைக்கிறேன்.

ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியான் நான்கு பொருள்நிலைகளை எருசலேம் என்ற ஒரே சொல்லைக்கொண்டு விளக்கினார். வரலாற்றுப் பொருளில் அது யூதர்களின் நகரம். விசுவாசப் பொருளில் கிறிஸ்துவின் திருச்சபை. ஒழுக்கப் பொருளில் மனிதனுடைய ஆத்துமா. நம்பிக்கைப் பொருளில் பரலோகத்தின் நகரம். இந்த நான்கும் இடைக்காலம் முழுவதும் பள்ளிப்பாடமாக விளங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ், பிற பொருள்கள் அனைத்தும் எழுத்துப்பொருளின்மேல்தான் நிற்கின்றன என்றும், ஒரு கோட்பாட்டை நிலைநாட்ட வேண்டுமானால் எழுத்துப்பொருளிலிருந்து மட்டுமே வாதிக்கலாம் என்றும் திட்டமாக எழுதினார். விசுவாசத்துக்கு அவசியமான எதுவும் உட்பொருளாக மட்டுமே மறைந்து கிடப்பதில்லை, வேறோர் இடத்தில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கும் என்ற அவருடைய விளக்கம், இரகசியத் திறவுகோல் தேடுகிறவர்களுக்கு அன்றே கொடுக்கப்பட்ட பதிலாகும்.

இதைத் தத்துவமாகவே பேசிக்கொண்டிருப்பதைவிட, அந்த நியாயசாஸ்திரிக்கு இயேசு சொன்ன உவமையையே எடுத்து வாசித்துப் பார்ப்பது நல்லது. நல்ல சமாரியன் கதை எல்லாருக்கும் தெரியும்: கள்ளர் அடித்துக் குற்றுயிராய் விட்டுப்போன ஒருவனை ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிப்போக, யூதர் வெறுத்த சமாரிய இனத்தான் ஒருவன் காயங்களைக் கட்டிச் சத்திரத்தில் சேர்க்கிறான். தெரிந்துவிட்டது என்பதே அதை வாசிக்கவிடாமல் தடுக்கும் சுவராகவும் இருக்கிறது. ஆதிச்சபையில் அதை வாசித்தவர்கள், எருசலேமிலிருந்து இறங்கிப்போன மனுஷன் ஆதாம் என்றும், கள்ளர் பிசாசும் அவன் தூதரும் என்றும், ஆசாரியனும் லேவியனும் நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களும் என்றும், சமாரியன் கிறிஸ்து என்றும், சத்திரம் திருச்சபை என்றும் கண்டார்கள். ஓரிகனுக்கு முன்பே ஒரு மூப்பர் இப்படி விளக்கியதாக ஓரிகனே குறிப்பிடுகிறார். ஆதிச்சபையின் பேராசானான அகுஸ்தீன் இதை இன்னும் விரித்துச் சத்திரக்காரனைப் பவுல் அப்போஸ்தலனாகவே கண்டார். பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு சீர்திருத்தவாதியான கால்வின் இதை முற்றிலும் மறுத்து, உவமையின் இயல்பான பொருளைச் சிதைக்கும் விளையாட்டு இது என்று கடிந்துகொண்டார்.

கால்வின் பக்கம் சாய்வதே எளிது. பவுலைச் சத்திரக்காரன் ஆக்குவதற்கு லூக்கா எழுதிய வசனத்தில் எந்தத் தடயமும் இல்லை. ஆனாலும் சமாரியன் கிறிஸ்துவே என்று முன்னோர் கண்டது வெறும் கற்பனைதானா என்று கேட்டுப்பார்த்தால், வசனம் வேறுவிதமாகப் பதில் சொல்கிறது.

நானும் பல ஆண்டுகளாக இந்த உவமையை உதவி செய்யக் கற்றுத்தரும் ஒழுக்கக் கதையாகவே வாசித்துவந்தேன். வாசிப்பை நிறுத்தவைத்தது ஒரே ஒரு சொல். வழியில் மூன்று பேர் வருகிறார்கள். ஆசாரியன் "அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்." லேவியனும் அப்படியே. சமாரியனோ "அவனைக் கண்டு, மனதுருகி, கிட்ட வந்து" காயங்களைக் கட்டுகிறான். கண்டது மூவருக்கும் பொது. கண்டதற்கும் கிட்ட வந்ததற்கும் இடையில் நிற்கும் "மனதுருகி" என்ற சொல்தான் அவனைப் பிரித்துக் காட்டுகிறது. கிரேக்கத்தில் இந்த வினைச்சொல் குடல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் வயிறு கலங்குதல் என்று சொல்வதற்கு நெருங்கி வரும் உணர்வு அது. லூக்கா சுவிசேஷம் முழுவதிலும் இந்த வினைச்சொல் மூன்றே இடங்களில் வருகிறது. நாயீன் ஊர் வாசலில், ஒரே மகனைப் பறிகொடுத்த விதவையைக் கண்டு கர்த்தர் மனதுருகுகிறார். ஏழாம் அதிகாரம். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு சமாரியன் மனதுருகுகிறான். பத்தாம் அதிகாரம். கெட்ட குமாரன் உவமையில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பித் தூரத்தில் வரும் இளைய குமாரனைத் தகப்பன் "கண்டு, மனதுருகி, ஓடி" அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். பதினைந்தாம் அதிகாரம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மூன்று இடங்களிலும் அதே சொல்லைக் காப்பாற்றித் தந்திருப்பதால், கிரேக்கம் அறியாத தமிழ் வாசகரும் நிதானமாக வாசித்தால் இதைத் தானாகவே கண்டுகொள்ளலாம்.

ஒன்று இயேசு, மற்றொன்று, தேவனை நினைத்து அவர் சொன்ன தகப்பன், இவ்விருவருக்கும் நடுவே ஓர் அந்நியனான சமாரியன். தேவனுக்கும் தேவகுமாரனுக்கும் உரிய சொல்லை லூக்கா இந்த ஒரு மனிதனுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். சமாரியனிடத்தில் கிறிஸ்துவைக் கண்ட முன்னோருடைய மனம் எதை உணர்ந்தது என்பது இப்போது புரிகிறது. அவர்கள் சென்ற தூரம் சில இடங்களில் அதிகம். சென்ற திசை வசனமே காட்டிய திசை.

இன்னும் கீழே இறங்கலாம். ஒரே அதிகாரம் முன்னால், ஒன்பதாம் அதிகாரத்தில், சமாரியருடைய கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை; யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினி இறங்கி அவர்களை அழிக்கும்படி கட்டளையிடலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கசப்பு ஆறுவதற்குள் இயேசு ஒரு சமாரியனைக் கதையின் நடுவில் நிறுத்துகிறார் என்றால், கேட்டுக்கொண்டிருந்த சீஷர்களுக்கும் அதில் பாடம் இருந்தது. பழைய ஏற்பாட்டில் இரண்டாம் நாளாகமம் 28ஆம் அதிகாரத்தைத் திருப்பினால், ஆகாஸ் ராஜாவின் நாட்களில் யூதாவிலிருந்து சிறைபிடிக்கப்பட்டவர்களைச் சமாரியாவில் இருந்த சில மனுஷர் உடுத்துவித்து, உண்ணக் கொடுத்து, எண்ணெய் பூசி, பலவீனமானவர்களைக் கழுதைகள்மேல் ஏற்றி, எரிகோவுக்குக் கொண்டுபோய் அவர்களுடைய சகோதரரிடத்தில் விட்டதாக எழுதியிருக்கிறது. எண்ணெய், சுமக்கும் மிருகம், எரிகோ, சமாரியா எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. வேதத்தை நன்கு அறிந்த நியாயசாஸ்திரிக்கு இந்தப் பழைய சம்பவம் நினைவுக்கு வந்திருக்கக்கூடும். அவன் மேற்கோள் காட்டிய லேவியராகமம் 19ஆம் அதிகாரமும், உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூரு என்பதோடு நிற்கவில்லை. பதினாறு வசனங்கள் தள்ளி, அந்நியனிலும் அவ்வாறே அன்புகூரவேண்டும் என்கிறது. அவனுடைய கேள்விக்குரிய பதில் அவன் மனப்பாடம் செய்திருந்த அதே அதிகாரத்திலேயே இருந்தது.

வேதத்தை வேதத்தைக்கொண்டே விளங்கிக்கொள்வது என்று சபையில் வழங்கும் வாக்கின் பொருள் இதுதான். இதற்கு இரகசிய அறிவு எதுவும் தேவைப்படுவதில்லை. முன்னும் பின்னும் வாசிக்கும் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமைக்கு நம்முடைய வேதாகமங்களின் அச்சமைப்பே சில சமயம் இடையூறாகிவிடுகிறது. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எத்தியேன் என்ற அச்சாளர் இட்டவை. இடத்தைக் கண்டுபிடிக்க இவை பேருதவி. ஆனால் எண் போட்டவுடன் ஒவ்வொரு வசனமும் தனித்து நிற்கும் வாக்குத்தத்தம்போலத் தோன்றத் தொடங்குகிறது. எரேமியா 29:11 இதற்குத் தெளிவான உதாரணம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வசனம் தேர்வுக்கும் வேலைக்கும் புதுவீட்டுக்கும் வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய நிருபத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி ஜனங்களைத் தேற்றியிருந்தான். எரேமியாவோ, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காகவும் ஜெபியுங்கள், எழுபது வருஷம் செல்லும் என்று எழுதுகிறார். அந்த நிருபத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போகாமல் அங்கேயே மரிக்கவேண்டியவர்கள். இவ்வளவையும் அறிந்த பிறகு 11ஆம் வசனத்தை வாசித்தால் அதன் ஆறுதல் குறைந்துபோவதில்லை. உடனடித் தீர்வு இல்லாத இடத்திலும் தேவனுடைய நினைவு தம் ஜனத்தின்மேல் இருக்கிறது என்ற உறுதி, தேர்வில் வெற்றி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பைவிட எவ்வளவோ பலமானது.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும் இதையே கேட்கிறது. எழுதியவர் என்ன கருதினார், எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று ஆராயவேண்டும். அதோடு, எந்த ஆவியால் எழுதப்பட்டதோ அதே ஆவியால் வாசிக்கவும் வேண்டும். சீர்திருத்த மரபில் கால்வின், வேதம் தேவனுடைய வார்த்தை என்ற நிச்சயம் பரிசுத்த ஆவியானவர் உள்ளத்தில் தரும் சாட்சியினாலேயே உண்டாகிறது என்றார். பல காரியங்களில் வேறுபட்டு நிற்கும் இரண்டு மரபுகளும், ஆராய்ச்சி அவசியம் என்பதிலும் அது மட்டும் போதாது என்பதிலும் ஒன்றுபடுகின்றன.

ஆராய்ச்சிக்கு மேலாகத் தேவைப்படுவதைத்தான் வேதமே தியானம் என்று அழைக்கிறது. இந்தச் சொல் நமக்கு அமைதியாகக் கண்மூடி உட்கார்ந்திருப்பதை நினைவூட்டும். முதலாம் சங்கீதத்தில், "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்ற இடத்தில் இருக்கும் எபிரெய வினைச்சொல்லோ சத்தமுடையது. ஏசாயா 31ஆம் அதிகாரத்தில் இரையின்மேல் நின்று சிங்கம் எழுப்பும் ஒலிக்கும், 38ஆம் அதிகாரத்தில் புறாவின் முனகலுக்கும் அதே சொல் வருகிறது. அடுத்துள்ள இரண்டாம் சங்கீதத்தின் முதல் வசனத்திலும், ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திப்பதற்கு அதுவே நிற்கிறது. ஆக, ஒருவன் எதை வாய்க்குள் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறானோ அதுவே அவனுடைய தியானம். அது வேதமாகவும் இருக்கலாம், வீணாகவும் இருக்கலாம். யோசுவாவுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை, நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக என்று தொடங்குவதன் காரணமும் இதுவே. வேதம் அங்கே முதலாவது வாய்க்குரியதாக இருக்கிறது.

மேற்கத்தியத் துறவு மடங்கள் இந்தப் பழக்கத்தை ஒழுங்குபடுத்திக் காத்தன. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூல், கைவேலைக்கு நேரம் ஒதுக்கியதுபோலவே இறைவார்த்தையை வாசிக்கவும் நாள்தோறும் நேரம் ஒதுக்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவியான இரண்டாம் குயிகோ, வாசிப்பு, தியானம், ஜெபம், இறைக்காட்சி என்ற நான்கு படிகளை உண்ணுதலுக்கு ஒப்பிட்டார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது. தியானம் அதை மென்று நொறுக்குகிறது. ஜெபம் சுவையைப் பிரித்தெடுக்கிறது. இறைக்காட்சி அந்த இனிமையாகவே இருக்கிறது. தமிழில் அசைபோடுதல் என்று நாம் இயல்பாகச் சொல்வதும் இதே செயலைத்தான். மேயும்போது விழுங்கியதை ஓய்ந்து படுத்திருக்கும்போது மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுகிற மாட்டைப்போல, காலையில் வாசித்த ஒரு சொல்லை நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் திரும்ப எடுத்து மெல்லுவது. "மனதுருகி" என்ற சொல் எனக்குள் இறங்கியதும் இப்படித்தான். மேசைமுன் உட்கார்ந்து வாசித்த நேரத்தைவிட, வாசித்து முடித்துப் பல நாட்கள் அது உள்ளே சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது பேசிற்று.

இயேசுவின் தாயாகிய மரியாளை லூக்கா காட்டும் விதமும் இங்கே நினைக்கத்தக்கது. மேய்ப்பர்கள் சொன்னவற்றை அவள் "தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்." சிந்தனைபண்ணுதல் என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லின் வேர்ப்பொருள், தனித்தனியாக இருப்பவற்றை ஒன்றுசேர்த்து வைப்பது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பின், தேவாலயத்தில் குமாரன் சொன்ன வார்த்தையை அவளும் யோசேப்பும் உணர்ந்துகொள்ளவில்லை என்று அதே அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது. உணராத அதையும் அவள் இருதயத்திலே வைத்துக்கொண்டாள். புரியாததைத் தூக்கி எறியாமலும், அவசரமாக ஒரு விளக்கத்தைப் பூசி மூடாமலும் வைத்திருப்பது தியானத்தின் மிகக் கடினமான பகுதி. வசனத்துக்கு உடனே அர்த்தம் சொல்லிவிடவேண்டும் என்ற பரபரப்பு, போதிக்கிற இடத்தில் இருப்பவர்களைத்தான் அதிகமாகப் பிடிக்கிறது.

இப்படித் தியானிக்கும்போது ஒருவர் தன் மனதிலிருந்ததையே வேதத்தின் வாயில் வைத்துவிடக்கூடும் என்ற ஆபத்தை மறைக்கக்கூடாது. அது நடந்திருக்கிறது. ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா, கானான் சபிக்கப்பட்டவன் என்று சொன்னதை, ஆப்பிரிக்க மக்கள் அனைவர்மேலும் தேவன் இட்ட சாபமாகத் திரித்து, அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் பிரசங்கித்தார்கள். வசனத்தில் பேசுகிறவர் நோவா, தேவன் இல்லை; சபிக்கப்பட்டது நோவாவின் குமாரன் காம் அல்ல, அவனுடைய குமாரன் கானான்; நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அங்கே கிடையாது. எழுத்தை ஒழுங்காக வாசித்திருந்தாலே அந்த விளக்கம் நின்றிருக்காது. அதே காலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள் யாத்திராகமத்தைக் கேட்டு, தங்கள் கூக்குரலைக் கேட்கிற தேவனை அதில் கண்டுகொண்டார்கள். புத்தகம் ஒன்றுதான், "எப்படி வாசிக்கிறாய்?" என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்த ஆபத்துக்கு அகுஸ்தீன் ஓர் அளவுகோலை விட்டுச் சென்றிருக்கிறார். தேவனிடத்திலும் பிறனிடத்திலும் உள்ள அன்பைக் கட்டியெழுப்பாத விளக்கம் எதுவாயினும், அப்படி விளக்கியவர் வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்றார் அவர். எழுத்தாளர் கருதாத பொருளைத் தவறாகக் கண்டாலும் அது அன்பை வளர்க்குமானால், அவர் பாதையை விட்டு வயல்வழியே நடந்து அதே ஊருக்கு வந்து சேர்ந்தவரைப் போன்றவர் என்று கனிவோடு சொல்லிவிட்டு, ஆனாலும் அவரைத் திருத்தவேண்டும், வழிவிலகிப் பழகினால் ஒருநாள் தவறான ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடுவார் என்றும் எச்சரித்தார். கனிவும் எச்சரிக்கையும் ஒன்றாக நிற்கும் இந்த இடம் எனக்கு மிகவும் பிரியமானது.

சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் 1539இல் எழுதிய ஒரு முன்னுரையில், 119ஆம் சங்கீதத்தை வைத்து, வேதத்தைக் கற்பவருக்கு ஜெபம், தியானம், சோதனை என்ற மூன்றையும் சொன்னார். மூன்றாவதைத்தான் யாரும் விரும்பிக் கேட்பதில்லை. வசனம் எவ்வளவு உண்மையானது, எவ்வளவு இனிமையானது என்பதை அறிவதோடு நில்லாமல் அனுபவிக்கவும் செய்வது உபத்திரவத்தில்தான் என்பது அவருடைய கருத்து. "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது; அதினால் உமது பிரமாணங்களைக் கற்றுக்கொள்ளுகிறேன்" என்று அந்தச் சங்கீதக்காரனே சொல்கிறான். வாழ்க்கை நம்மை வேறோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்போது, பலமுறை வாசித்த பகுதி வேறொரு முகம் காட்டுகிறது. சமாரியன் உவமையை, உதவி செய்யக்கூடியவராக நின்று வாசிப்பது ஒரு வாசிப்பு. வழியோரத்தில் குற்றுயிராய்க் கிடப்பவராக, நம்மைக் கண்டும் விலகிப்போனவர்களின் காலடிச் சத்தத்தைக் கேட்டவராக, கடைசியில் கிட்ட வருகிறவர் நாம் எதிர்பார்க்கவே விரும்பாத ஒருவராக இருப்பதைக் காண்பவராக அதை வாசிப்பது முற்றிலும் வேறு.

உவமையை முடித்த பிறகு இயேசு கேட்ட கேள்வியும் அந்தக் கோணத்திலிருந்துதான் பிறக்கிறது. "எனக்குப் பிறன் யார்?" என்று நியாயசாஸ்திரி தன்னை நடுவில் வைத்துக் கேட்டான். "கள்ளர் கையில் அகப்பட்டவனுக்கு இந்த மூன்றுபேரில் எவன் பிறனாயிருந்தான்?" என்று அவர் விழுந்து கிடந்தவனை நடுவில் வைத்துக் கேட்கிறார். சமாரியன் என்ற பெயரைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை போலும். "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்றான். வாசிப்பைப் பற்றித் தொடங்கிய அந்த உரையாடலை இயேசு, "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று அனுப்பிவைக்கிறார். அவன் போய்ச் செய்தானா என்று லூக்கா எழுதவில்லை. அடுத்த வசனத்தில் அவர்கள் வேறொரு கிராமத்துக்குள் பிரவேசிக்கிறார்கள். அங்கே மரியாள் என்னும் ஒருத்தி இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து அவருடைய வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.